டூட்டி முடிந்தும் கூடவே வருபவை

நர்சிங் முடித்து வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் ஊரில் எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "மனதைக் கல்லாக்கிக்கொள், அப்போதுதான் இந்த வேலையில் நிலைக்க முடியும்." என்னிடமும் சொன்னார்கள். அத்தை சொன்னார், கோயில் பாடகர் குழுவில் கூடப் பாடும் அக்கா சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத அம்மா ஒருவரும் சொன்னார். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிசின் வார்டில் மூன்றாவது ஆண்டாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அந்த அறிவுரை தவறு என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்வேன். எட்டாம் படுக்கைப் பாட்டா நேற்றைவிட இன்று குறைவாகப் பேசுகிறார் என்பது மனம் கல்லானவர் கண்ணில் படாது. பல நேரம் பி.பி.யும் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்குவதற்கு முன்பே நோயாளியின் முகம் மாறிவிடும். நேற்றும் முந்தாநாளும் அந்த முகத்தைப் பார்த்த நர்ஸுக்குத்தான் அது முதலில் தெரியும். அந்த மனதைக் கல்லாக்கிவிட்டு வார்டில் என்ன செய்வது?

ஆனால் அதே மனதை ஒவ்வொரு நாளும் அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. எதை எங்கே இறக்கி வைப்பது, யாரிடம் இறக்கி வைப்பது என்பதை மூத்த சிஸ்டர்கள் எனக்குச் சொல்லித்தந்தார்கள். சிலவற்றை நானே கண்டுகொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பயம். வேலைக்கு வருமுன் நான் தயாராகி வந்தது சோகத்துக்குத்தான். நோயாளி இறந்தால் எப்படித் தாங்குவது என்றுதான் யோசித்திருந்தேன். ஆரம்ப மாதங்களில் என்னை ஆட்டிவைத்ததோ பயம். டூட்டியில் இருக்கும்போது அது தெரியாது, அதற்கு நேரமும் இருக்காது. வடசேரியில் பஸ் ஏறி, பார்வதிபுரம் தாண்டி, உட்கார இடம் கிடைத்ததும் ஆரம்பிக்கும். பதினொன்றாம் படுக்கைக்குப் போட்ட பொட்டாசியம் டிரிப்ஸின் வேகத்தைச் சரியாக வைத்தேனா? பன்னிரண்டு மணி ஆன்டிபயாடிக் கொடுத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதினேனா? ஆறாம் படுக்கை ஆச்சியின் கட்டிலில் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டேனா? சுங்கான்கடை வரும்போது சந்தேகமாக இருப்பது வில்லுக்குறி வரும்போது நிச்சயமாகிவிடும். தக்கலையில் இறங்கும்போது, என் கையால் கொடுத்த மருந்தே கொடுக்காததுபோலத் தோன்றும்.

இந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. பொட்டாசியம் குளோரைடை நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அதைக் கலந்து, மெதுவாக, கணக்கு வைத்து ஏற்றுகிறோம். பாட்டிலில் வரும் இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு. இவை மாறினால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவருக்குப் பயம் வரத்தான் வேண்டும். பயமே இல்லாத புது நர்ஸோடு இரவு டூட்டி பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

கேள்வி, எந்த நேரத்தில் பயப்பட வேண்டும் என்பதுதான். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நாள் உடை மாற்றும் அறையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், நான் சொன்னேன். "சந்தேகம் வந்தால் வார்டுக்கு போன் செய் மக்களே. இரண்டு நிமிடம். யாரும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், நோயாளிக்கு நல்லது" என்றார். அன்று வரை அப்படிச் செய்யலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. போன் செய்யத் தொடங்கினேன். எடுத்த சிஸ்டர் டிரிப்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் ஓடுகிறது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முந்தைய பல இரவுகள் விழித்திருந்தேன்.

அதைவிடப் பெரிய உதவி ஓவர் கொடுக்கும் முறையை, அதாவது அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை, மாற்றியது. நர்ஸ் மேசையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டி ஓவர் கொடுத்தால் பஸ்ஸில் சந்தேகம் வருகிறது. படுக்கை படுக்கையாக நடந்து, அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரை அருகில் வைத்துக்கொண்டு, டிரிப்ஸ் பாட்டில் மேல் ஒட்டிய சீட்டை வாய்விட்டுப் படித்து, ஓடும் வேகத்தை இருவரும் பார்த்து, கேனுலா (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுக் காட்டி ஓவர் கொடுத்தால் வருவதில்லை. கை பழக்கத்தில் செய்வது நினைவில் நிற்காது, வாயால் சொன்னதும் விரலால் தொட்டதும் நிற்கும். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் இருக்கிறது.

சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் வைத்திருப்பேன். படுக்கை எண்ணுக்கு நேராக அந்த ஷிஃப்டில் செய்ய வேண்டியவை, செய்து முடித்ததும் ஒரு கோடு. கிளம்பும்போது அதைக் கிழித்து வார்டிலேயே போட்டுவிட வேண்டும். நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்பது ஒரு காரணம். அந்தத் தாள் பையில் இருந்தால் பஸ்ஸில் எடுத்துப் பார்ப்போம் என்பது எனக்கு மட்டும் தெரிந்த காரணம்.

கேட்பதற்கு வெட்கப்படுவது பற்றியும் சொல்ல வேண்டும். புதிதில் ஒரு மருந்தின் அளவை இன்னொருவரிடம் காட்டி "சரிதானா?" என்று கேட்க நாக்கு எழாது. நான்கு வருடம் படித்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று இருக்கும். என்னை அதிலிருந்து விடுவித்தவர், நான் பிறந்த காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர். இன்சுலின் ஏற்றிய ஊசியை நேராக என் கண் முன்னால் நீட்டி, "எத்தனை யூனிட் என்று படி" என்று அவர் என்னிடம் கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். அவருக்குக் கேட்பது வெட்கமில்லை என்றால் எனக்கு எங்கிருந்து வரும்?

சில மாதங்கள் என்னை அவசர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு விடியற்காலையில் பாம்பு கடித்து ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டினால்தான் பால் நன்றாக வடியும், அதனால் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குள் போகிறார்கள். காய்ந்த ரப்பர் இலைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. இவருக்குக் கணுக்காலுக்கு மேல் கடி, அதற்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

இப்படி வரும்போது செய்யும் முதல் பரிசோதனை எளிமையானது. இரண்டு மில்லி ரத்தம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒரு நிம்மதி. தண்ணீர்போல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று பொருள்.

குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு நேரம் குறித்தேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் ரப்பர் பாலின் வாடை இருந்தது. கணவரோடு அவரும் வெட்டப் போயிருந்தார். "சிஸ்டர், பிழைப்பாரா?" என்றார். "பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது எனக்கே தெரியாத விஷயம். "தெரியாது" என்று சொல்லவும் வாய் வரவில்லை. அருகில் இருந்த மூத்த ஆண் நர்ஸ் ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார்: "இந்த ரத்தம் உறைகிறதா என்று இருபது நிமிடம் பார்க்கிறோம் அக்கா. உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றுவோம், மருந்து இங்கேயே இருக்கிறது. இந்தத் தங்கச்சி உங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருப்பாள்." அந்த அக்காவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. என்னுடைய நெஞ்சும் தளர்ந்தது என்பதை அப்போதே உணர்ந்தேன்.

ரத்தம் உறையவில்லை. டாக்டர் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து சொன்னார். தூளாக இருக்கும் அந்த மருந்தைக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். குப்பியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். மருந்தே ஒவ்வாமை தரக்கூடியது, அதனால் அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, இளைப்பு என்று எதைப் பார்க்க வேண்டும் என எனக்குத் தெரிந்திருந்தது. பத்துக் குப்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கவில்லை. எதைச் செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த இடத்தில் பயம் வேலையாக மாறிவிடுகிறது. அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்கு நடந்து போனார்.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம். எந்த நோயை நினைத்து அதிகம் பயப்படுகிறேனோ அதைப் பற்றி அந்த வாரமே ஒரு மூத்தவரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுவேன். நோயாளியின் வீட்டார் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் சொல்வேன். அது பொய்யும் அல்ல, கைவிடுவதும் அல்ல.

இனி மரணம். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குளச்சல் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்திருந்த பாட்டா, இதயம் பலவீனமாகி அடிக்கடி இளைப்புடன் வந்து சேருவார். கால் வீங்கியிருக்கும். தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். காலை டூட்டிக்கு நான் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "மக்களே, இன்றைக்குச் சந்தையில் என்ன மீன்?" என்பதுதான். சாளையா, அயிலையா, நெத்தோலியா என்று சொல்ல வேண்டும். அவருக்காகவே வரும் வழியில் பார்த்துவைத்துக்கொள்வேன். என்ன விலை என்றும் கேட்பார். விலையைச் சொன்னால், கடலில் போய்ப் பிடிக்கிறவனுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று விளக்குவார். ஒக்கிப் புயல் அடித்த 2017க்குப் பிறகு மகனைக் கடலுக்கு விடவில்லை என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

அவர் இறந்தது பகல் நேரத்தில். நெஞ்சை அழுத்தினோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பயிற்சியில் பொம்மையின் மேல் செய்தபோது இல்லாத ஒன்று இதில் இருந்தது: முந்தின நாள் அவர் என்னோடு பேசியிருந்தார். டாக்டர் நேரம் பார்த்துச் சொன்னதும் எல்லாரும் விலகினார்கள்.

அதற்குப் பிறகான வேலை நர்ஸுக்கு உரியது. கேனுலாவை எடுத்து, பிளாஸ்டர் ஒட்டிய பசையைத் துடைத்து, கண்களை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கி, முகத்தையும் கழுத்தையும் ஈரத் துணியால் துடைத்தோம். நோயில்பூசுதல் என்ற திருச்சடங்கு முந்தின நாளே நடந்திருந்தது. பங்குத்தந்தை பூசிய எண்ணெயின் மினுமினுப்பு நெற்றியில் இன்னும் இருந்தது. கூட இருந்த சிஸ்டர் அவரிடம் பேசிக்கொண்டே செய்தார்: "கையைத் தூக்குகிறேன் பாட்டா." நானும் அப்படியே சொன்னேன். அவருடைய மனைவி கால்மாட்டில் நின்று, "காலை மூடிவிடு மக்களே, அவருக்குக் குளிர் ஆகாது" என்றார். மூடினேன்.

திரைக்கு வெளியே வந்தால் பக்கத்துப் படுக்கைக்காரர் சுடுதண்ணீர் கேட்கிறார். இரண்டு மணி மருந்துகளுக்கு நேரமாகிவிட்டது. இந்த வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரை வழியனுப்பிய அதே கையால் அடுத்தவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும், முகத்தில் அதைக் காட்டாமல். அந்த நோயாளியும் பயந்து போயிருப்பார். நம் முகத்தைப் பார்த்துத்தான் தன் நிலையை ஊகிப்பார்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி கை கழுவுவது. சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எப்படியும் கழுவியே ஆக வேண்டும், அங்கே நிற்பதற்காக யாரும் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளப் போவதில்லை. அந்த நேரம் முழுவதும் போனவரை மட்டும் நினைப்பேன். அவருடைய பெயரை மனதுக்குள் சொல்வேன். கையைத் துடைத்ததும் அடுத்த படுக்கை. இது போதாது என்பது எனக்குத் தெரியும், மீதி துக்கம் பின்னால் வரும். ஆனால் அந்த நேரத்தைத் தாண்ட இது போதும்.

மீதியை அன்றைக்கே பேசிவிட வேண்டும். எங்கள் வார்டில் ஒரு மரணம் நடந்தால், ஷிஃப்ட் முடியும்போது இருந்தவர்கள் எல்லாரும் ஐந்து நிமிடம் நிற்போம். என்ன நடந்தது, எது நன்றாக நடந்தது, எது இன்னும் வேகமாக நடந்திருக்கலாம் என்று பேசுவோம். யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. அழுகிறவர் அழலாம். இதை யாரும் சட்டமாக்கவில்லை, இன்சார்ஜ் சிஸ்டர் வழக்கமாக்கினார். உங்கள் வார்டில் இல்லை என்றால் நீங்களும் உங்கள் தோழியும் இரண்டு பேராகத் தொடங்குங்கள். எனக்குத் துணி அறையில் தனியாக நின்று அழுத நாட்களும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அங்கே அழுவது வெறும் அழுகையாகவே நின்றுவிடுகிறது. கூட இருந்தவரிடம் பேசினால், "நீ சரியான நேரத்தில் ஆம்பு பையை (மூச்சுக் கொடுக்க அழுத்தும் பை) எடுத்துவந்தாய்" என்பது போன்ற ஒரு சொல் கிடைக்கும். அது பல நாள் காப்பாற்றும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டுக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தப் பாட்டாவுக்கும் சேர்த்து ஒன்று ஏற்றுகிறேன். வார்டில் வேறு மதத்துத் தோழிகளுக்கும் அவரவர் முறை உண்டு. துக்கத்துக்கு வருடத்தில் ஒரு தேதி ஒதுக்கி வைப்பது மற்ற நாட்களைக் கொஞ்சம் லேசாக்குகிறது.

நோயாளிகளைவிட நோயாளிகளின் வீட்டார்தான் புது நர்ஸை அதிகம் அழவைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் மகன் வளைகுடாவில் இருப்பார். அங்கே வேலை முடிந்து அவர் அறைக்கு வரும்போது இங்கே இரவு பத்து பதினொன்று ஆகியிருக்கும். பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, இருக்கும் தாயோ தங்கையோ வீடியோ அழைப்பில் போனை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். "அப்பாவுக்கு என்ன? ஏன் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை? நான் கேட்டதற்குப் பதில் சொல்!" என்று மகன் கத்துவார். முதல் தடவை எனக்குக் கை கால் நடுங்கியது. அடுத்தடுத்துப் பார்த்தபோது புரிந்தது: தந்தை படுத்திருக்கும்போது கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் மகனுக்கு இருப்பது குரல் மட்டும்தான். அதனால்தான் அது அவ்வளவு சத்தமாக வருகிறது.

புரிந்துகொள்வது வேறு, அனுமதிப்பது வேறு. இப்போது நோயாளி வந்து சேரும் முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடுவேன்: விவரம் கேட்க ஒரே ஒருவரைத் தீர்மானியுங்கள், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்தபின் அவரோடு பேச ஏற்பாடு செய்கிறேன். நோய் என்ன, எப்படிப் போகும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. இன்று என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், வலி குறைந்ததா என்பது நான் சொல்லக்கூடியது, அதைத் தயங்காமல் சொல்வேன். இந்தச் சின்னச் செய்திகளுக்காகவே பல மகன்கள் கத்துகிறார்கள் என்பது என் அனுபவம். "அப்பா இன்றைக்குக் கஞ்சியை முழுதும் குடித்தார் அண்ணா" என்றதும் அந்தப் பக்கம் குரல் உடைந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

கத்துகிறவர் கையை ஓங்கினால் கதை வேறு. தனியாக நிற்காதீர்கள், கதவுக்கும் உங்களுக்கும் இடையே அவர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செக்யூரிட்டியையும் டியூட்டி டாக்டரையும் கூப்பிடுங்கள், நடந்ததை அன்றே எழுதிக் கொடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் நர்ஸும் பாதுகாக்கப்படுகிறார். "சரி விடு, சகித்துக்கொள்" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

ஊசி குத்திக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. நோயாளி திடீரென்று கையை இழுத்ததில் என் தோழியின் விரலில் ஊசி குத்தியது. அந்தப் பிள்ளை அதை ஒளிக்கப் பார்த்தாள், அவ்வளவு பயம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலைப் பிழியக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு முடிக்காமல் வார்டுக்கு வரவே கூடாது. பரிசோதனை முடிவுகள் வரும்வரை அந்தத் தோழியோடு தினமும் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

வீட்டைப் பற்றி. இரவு டூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தால், பத்து மணிக்கு யாராவது வந்து, "பிள்ளை இன்னும் தூங்குகிறதா?" என்று கேட்பார்கள். அம்மா முதலில் என்னை எழுப்பிவிடுவார். ஒரு நாள் அம்மாவிடம் என் டூட்டிப் பட்டியலைக் காட்டி, நீங்கள் இரவு ஒன்பது மணிக்குப் படுத்து நடுச்சாமத்தில் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இப்போது பட்டியல் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அம்மாவே வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார். தூக்கம் குறைந்த வாரத்தில் எல்லாத் துக்கமும் இரண்டு மடங்காகத் தெரியும். அப்படிப்பட்ட வாரத்தில் வேலையை விடுவதா என்ற முடிவை எடுக்காதீர்கள்; இரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகு எடுங்கள். விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணிவரை உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும் நேரம். அந்த நேரத்து மருந்தை எப்போதும் இரண்டு பேர் பார்த்துக் கொடுக்கிறோம்.

பண்டிகை டூட்டி புதிதில் மிகவும் வலிக்கும். ஆனால் இந்த மாவட்டத்தில் வேலை பார்ப்பதில் ஒரு கொடுப்பினை உண்டு. கிறிஸ்துமஸ் இரவை இந்து, முஸ்லிம் தோழிகள் எங்களுக்காகப் பார்க்கிறார்கள். தீபாவளியும் ஓணமும் ரம்ஜானும் வந்தால் நாங்கள் பார்க்கிறோம். மறுநாள் அவரவர் வீட்டுப் பாத்திரம் வார்டுக்கு வந்துவிடும். இதை முன்கூட்டியே பேசி எழுதிவைத்துக்கொண்டால் கடைசி நேர மனக்கசப்பு வராது.

1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியதிலிருந்து இந்த மண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலை பழக்கம். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல்லே அங்கே அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தார். அதனால் உறவில் ஒரு நர்ஸாவது இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே கேள்வியும் அதிகம்: "எப்போது வெளிநாடு போகிறாய்?" கூடப் படித்தவர்கள் சவூதியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் படம் அனுப்பும்போது, என் சம்பளச் சீட்டைப் பார்த்து மனம் சுருங்கிய மாதங்கள் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. என்னோடு படித்தவர்களில் பலருக்கு அது இன்றும் கைக்கு வரவில்லை. இந்தக் கோபத்தை நோயாளியிடமும் காட்டக் கூடாது, "சேவைதானே" என்று விழுங்கவும் கூடாது. சேவை செய்கிறவருக்கும் பஸ் டிக்கெட் வாங்க வேண்டும். நான் வெளிநாடு போவேனா என்பது இன்னும் தெரியாது. போனால், இங்கிருந்து தப்பிக்கப் போனதாக இருக்காது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியவை எல்லாம் சாதாரணக் கனத்துக்கு. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, டூட்டிக்குக் கிளம்பும்போதே வயிறு பிசைகிறது, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தோழியும் கை கழுவுவதும் போதாது. டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, 2022இலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் நர்ஸுக்கு என்ன கூச்சம்? நோயாளி வெட்கப்பட்டு வராமல் இருந்தால் நாம்தானே கடிந்துகொள்கிறோம்.

இந்த மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிறாள், மிகவும் அமைதியானவள், ஒவ்வொரு மருந்தையும் மூன்று முறை படிக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் இரவு டூட்டி. கிராஷ் கார்ட்டின் (அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டி) ஒவ்வொரு இழுப்பறையையும் அவளே திறந்து பார்த்துவிட்டாள், ஆம்பு பையை இணைத்துக் காட்டினாள், டியூட்டி டாக்டரின் எண்ணைப் போனில் சேமித்துக்கொண்டாள். என்ன சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், எப்போது காப்பி குடிப்பதை நிறுத்த வேண்டும், நான்கு மணிக்குத் தூக்கம் வந்தால் எந்தப் படுக்கை வரை நடக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு, அதே வாரத்துக்கு நானும் இரவு டூட்டி வாங்கியிருக்கிறேன்.